டேப்பைத் தேடுங்கள், வாசித்தவர் பெயரைப் போடுங்கள்

பெண்கள் மட்டுமே சேர்ந்து நடத்திய ஹார்ட் ராக் குழுக்களின் முதல் ஆல்பங்களுக்கு உரிமை வைத்திருக்கும் ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கும், அவற்றை மறுபதிப்பாகக் கொண்டுவரும் சிறு நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

பழைய குழு ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடிக்கும் ஒருவர் அதற்குத் தரும் அவகாசம் மிகக் குறைவு. முதல் பாட்டின் முதல் ஒரு நிமிடம், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தில் ஸ்னேர் சப்பென்று விழுந்து, கிட்டார் தகரத்தைத் தட்டுவது போல ஒலித்து, பாடுபவரின் குரல் எங்கோ பின்னால் கிடந்தால், கேட்பவர் ரீமாஸ்டரை, அதாவது மறுபதிப்புக்காக ஒலியைத் திருத்திய வேலையை, குறை சொல்வதில்லை. "இவர்களுக்கு வருவது அவ்வளவுதான் போலிருக்கிறது" என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விடுகிறார். ஆண்கள் குழுவின் ஆல்பம் மோசமாகக் கேட்டால் பழி பதிப்பின் மேல் விழுகிறது. பெண்கள் குழுவின் ஆல்பம் மோசமாகக் கேட்டால் பழி குழுவின் மேலேயே விழுகிறது. அதனால்தான் இந்த ஆல்பங்களில் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று இத்தனை அழுத்தமாகக் கேட்கிறோம்.

எந்த ஆல்பங்களைச் சொல்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1970-ல் ரெப்ரீஸ் வெளியிட்ட ஃபேனி குழுவின் முதல் ஆல்பம். 1972-ல் டன்ஹில் வெளியிட்ட பர்த்தா. 1976-ல் மெர்க்குரி வெளியிட்ட ரன்அவேஸ். 1980-ல் ப்ரான்ஸ் வெளியிட்ட கேர்ள்ஸ்கூலின் 'டெமாலிஷன்'. 1983-ல் ஏ அண்ட் எம் வெளியிட்ட ராக் காடஸ். 1988-ல் ஈ.எம்.ஐ. வெளியிட்ட விக்ஸன். இவற்றில் சில நல்ல பதிப்பாகவே வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் பெயர் தெரிந்த இந்த ஆறுக்குப் பின்னால், ஒரே ஒரு ஆல்பத்தோடு நின்றுபோன குழுக்களின் டேப்புகளும் உங்கள் கிடங்குகளில் இருக்கின்றன. கீழே சொல்வதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும். சொல்லப்போனால் அவற்றுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

முதல் ஆல்பத்தை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறோம் என்றால், அதில் இருப்பவை மேடையில் அடிபட்டுத் தேறிய பாட்டுகள். கேர்ள்ஸ்கூல் 1978-ல் தொடங்கி, 1979-ல் மோட்டர்ஹெட் குழு மேடையேறும் முன் வாசிக்கும் குழுவாக ஊர் ஊராகப் போய் வாசித்துவிட்டுத்தான் விக் மெய்லின் தயாரிப்பில் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தது. நான்கு பேரும் ஒரே மூச்சில் நிறுத்தி ஒரே மூச்சில் எடுக்கும் அந்தக் கட்டுக்கோப்பை எந்த எடிட்டிங்கும் உண்டாக்கித் தர முடியாது. ஆனால் தப்பான டேப்பும் தப்பான ரீமாஸ்டரும் அதை அழித்துவிட முடியும்.

வேலை தொடங்குவது டேப்பைத் தேடுவதில். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. கிடங்குப் பட்டியலில் 'மாஸ்டர்' என்று எழுதியிருப்பதையெல்லாம் மாஸ்டர் என்று நம்பிவிடாதீர்கள். ஒரே ஆல்பத்துக்கு அந்தப் பெயரில் ஐந்தாறு பெட்டிகள் இருக்கும். தனித்தனி டிராக்குகள் உள்ள 2 அங்குல மல்ட்டி டிராக் ரீல்கள் ஒன்று. அவற்றை இரண்டு சானலாக மிக்ஸ் செய்த முதல் ரீல்கள் இன்னொன்று. அந்த ரீல்களிலிருந்து பாட்டுகளை வெட்டி, வரிசைப்படுத்தி, பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு என்று ஒட்டிய ரீல் மூன்றாவது. வினைல் தட்டு வெட்டுவதற்கென்று ஈக்யூவும் (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் திருத்தம்) லிமிட்டரும் (உச்சங்களை அடக்கும் கருவி) போட்டு எடுத்த நகல் நான்காவது. அதன் பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பிய நகல்கள், கேசட்டுக்காக எடுத்த நகல். மறுபதிப்புக்கு நமக்கு வேண்டியது மூன்றாவது. அவசரத்தில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் நான்காவது, அல்லது அதற்கும் கீழே உள்ளது.

பெட்டியின் மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி, ரீலைக் கையில் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பாட்டுக்குப் பாட்டு பிளேடால் சாய்வாக வெட்டி, இடையில் ஒலி பதியாத வெள்ளை லீடர் டேப் வைத்து ஒட்டியிருந்தால், சில இடங்களில் பாட்டின் நடுவிலேயே ஒட்டுப் போட்டிருந்தால், அது கைபட்ட அசல். ஒரு பக்கம் முழுக்க ஒட்டே இல்லாமல் வழவழவென்று ஓடினால் அது நகல். முதல் நகலிலேயே இரைச்சல் ஏறத்தாழ 3 டெசிபல் கூடும், அடுத்தடுத்த நகல்களில் இன்னும் ஏறும், ஸ்னேரின் நுனி மழுங்கும். தட்டுக்கான நகலாக இருந்தால் அடிஸ்தாயியைக் குறைத்திருப்பார்கள், பக்கத்தின் கடைசிப் பாட்டுகளுக்கு மேல் அலைவரிசையைத் தனியாக ஏற்றியிருப்பார்கள். தட்டுக்குச் சரியான அந்தத் திருத்தம் டிஜிட்டலுக்குப் போகும்போது பிழையாகிவிடும். பெட்டியில் ஒட்டிய தாளில் தேதி, டேப்பின் வேகம், 'ஈக்யூ போட்டது', 'டால்பி', 'வெட்டுவதற்கு மட்டும்' என்று பேனாவால் எழுதியிருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். அந்தத் தாளும் ஆவணம்தான்.

அசல் கிடைக்கவே இல்லை என்றால் சும்மா விட்டுவிட வேண்டியதில்லை. 2008 ஜூன் 1-ம் தேதி ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் ஏற்பட்ட தீயில் டேப் கிடங்கு ஒன்று எரிந்துபோனது நீங்கள் அறிந்ததே. அந்த மாதிரி இழப்புக்குப் பிறகு தேட வேண்டிய இடம், அந்தக் காலத்தில் இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான் கிளைகளுக்கு அனுப்பிய நகல்கள். ஈக்யூ போடாத நல்ல நகல் ஒன்று அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். அதுவும் இல்லாவிட்டால், கீறல் இல்லாத முதல் அச்சுத் தட்டிலிருந்து மாற்றுங்கள். ஆனால் தட்டிலிருந்து எடுத்ததைத் தட்டிலிருந்து எடுத்தது என்றே அச்சிடுங்கள். கேட்பவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். மறைத்தால் பொறுக்க மாட்டார்கள்.

அடுத்தது டேப்பின் உடல்நிலை. 1970-களின் நடுவிலிருந்து 1990-களின் தொடக்கம்வரை வந்த, பின்பக்கம் கறுப்புப் பூச்சு உள்ள பல டேப்புகள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். ஆம்பெக்ஸ் 406, 456 இரண்டும் இதற்குப் பேர்போனவை. இந்த டேப்பை எடுத்தவுடன் மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. ஓரிரு நிமிடத்தில், டேப்பைப் படிக்கும் ஹெட்டின் மேல் காப்பி நிறத்தில் ஒரு படலம் சேரும், கீச்சென்று சத்தம் வரும், மேல் அலைவரிசை மங்கிக்கொண்டே போகும், கடைசியில் டேப் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பஞ்சால் துடைத்தால் பழுப்பாக வருகிறதே, அது அழுக்கு அல்ல. உதிர்ந்து வந்த இசை. ஒருமுறை உதிர்ந்தது திரும்பி வராது.

இதற்கு மருந்து, இளஞ்சூட்டில் உலர்த்துவது. சுமார் 54 டிகிரி செல்சியஸ். கால் அங்குல டேப்புக்குக் குறைந்தது 8 மணி நேரம். 2 அங்குல மல்ட்டி டிராக்குக்கு அதைவிட வெகுநேரம். ஆய்வுக்கூட இன்குபேட்டர் அல்லது சூடு நிலையாக நிற்கும் உலர்த்தும் பெட்டி வேண்டும். சமையலறை அவனில் வைக்காதீர்கள்: அது பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கும், பிளாஸ்டிக் ரீல் வளைந்துவிடும். டேப்பை உலோக ரீலுக்கு மாற்றிக்கொண்டு, நடுநடுவே திருப்பி வைத்து, எவ்வளவு நேரம் சூடேற்றினீர்களோ அவ்வளவு நேரம் ஆறவிட்டு, பிறகுதான் ஓட்ட வேண்டும். இப்படிக் கிடைக்கும் நல்ல நிலை சில வாரங்களுக்குத்தான் நிற்கும். ஆகவே மாற்றும் மேசை காலியாக இருக்கும் நாள் தெரிந்த பிறகு சூடேற்றுங்கள். ஃபேனி, பர்த்தா காலத்து டேப்புகளுக்குச் சிக்கல் வேறாக இருக்கலாம். அங்கே ஒட்டுகள் காய்ந்து பிரியும், பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டும். ரீலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி ஊடுருவுகிறதா, வினிகர் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது அசிடேட். அதை எக்காரணம் கொண்டும் சூடேற்றக் கூடாது.

இப்போது மெஷினைச் சரிசெய்வது. நாங்கள் அதிகம் பயப்படும் இடம் இதுதான், ஏனென்றால் இங்கே நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது. ரீலின் தலைப்பில் 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் டோன்கள் பதிந்திருந்தால் அவைதான் அளவுகோல். ஹெட்டின் சாய்வை, அதாவது அசிமத்தை, 10 கிலோஹெர்ட்ஸ் டோனுக்கு ஒவ்வொரு ரீலுக்கும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒரே ரீலில் வேறு வேறு ஸ்டுடியோவில் மிக்ஸ் ஆன பாட்டுகள் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் திருத்த வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: இரண்டு சானலையும் சேர்த்து மோனோவில் கேளுங்கள். சிம்பல் மங்கினால் சாய்வு தப்பு.

அதைவிட முக்கியம் ஈக்யூ தரம், அதாவது பதிந்தபோது இருந்த ஈக்யூ அமைப்பே ஓட்டும்போதும் இருப்பது. நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடிய டேப்புகளில் அமெரிக்க ஸ்டுடியோக்கள் என்.ஏ.பி. தரத்தையும், ஐரோப்பிய ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் ஐ.இ.சி. தரத்தையும் பின்பற்றின. ஐ.இ.சி.யில் பதிந்த டேப்பை என்.ஏ.பி. அமைப்பில் ஓட்டினால் மேல் அலைவரிசை ஏறத்தாழ 3 டெசிபல் தூக்கும், 50 ஹெர்ட்ஸில் அதே அளவு இறங்கும், அதற்குக் கீழே இன்னும் இறங்கும். கேட்பவர் காதில் என்ன விழும்? கிரீச்சிடும் சிம்பல், கிட்டாரில் தகரச் சத்தம், காலடியில்லாத கிக் ட்ரம். முதல் பத்தியில் சொன்ன அதே தீர்ப்பு. இங்கிலாந்தில் பதிவான ஒரு பெண்கள் குழுவின் டேப் வேறு நாட்டு மேசைக்கு வரும்போது, மெஷினில் ஒரே ஒரு ஸ்விட்சைத் திருப்பாததால் குழு முழுவதற்கும் 'மெலிந்த சத்தம்' என்ற பெயர் வந்துவிடும். டேப் இரைச்சலைக் குறைக்கும் முறையான டால்பி ஏ விஷயமும் இதே மாதிரிதான். டால்பியில் பதிந்ததை டிகோட் செய்யாமல் மாற்றினால் எல்லாம் பளபளவென்று இரைச்சலோடு இருக்கும். டால்பி இல்லாததை டிகோட் செய்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலிருக்கும். நடுநடுவே சிறு துள்ளலோடு வரும் டால்பி டோன் தலைப்பில் இருக்கிறதா என்று கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

வேகத்தைச் சரிபார்க்க ஸ்வரத்தை நம்பாதீர்கள். ஹார்ட் ராக் குழுக்கள் கிட்டாரைக் காதால் சுருதி சேர்ப்பார்கள், சிலர் அரை ஸ்வரம் இறக்கியும் வைப்பார்கள். ஆகவே 440 ஹெர்ட்ஸுக்கு இழுத்துவந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது தப்பு. நம்பகமான சாட்சி மின்சார ஹம். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அமைதியில், ஆம்ப்ளிஃபயர் உறுமிக்கொண்டிருக்கும் அந்த அரை நொடியை எடுத்து அளந்து பாருங்கள். அமெரிக்காவில் பதிவானது என்றால் 60 ஹெர்ட்ஸ், இங்கிலாந்து என்றால் 50. 50-க்குப் பதில் 50.5 வந்தால் டேப் 1 சதவீதம் வேகமாக ஓடுகிறது. அரை ஸ்வரத்துக்கு ஏறத்தாழ 6 சதவீதம் வேண்டும் என்பதால் 1 சதவீதம் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் குரலில் தெரியும். முப்பது வயதுக்காரியின் கனத்த குரலில் ஒரு மெல்லிய சிறுமித்தனம் ஏறிவிடும். அந்தக் கனத்தைத் தேடித்தான் கேட்பவர் வந்திருக்கிறார். அதனால்தான் மறுபதிப்பு செய்பவர்கள் அந்த அமைதியை, மெல்லிய ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டு முதலிலேயே துடைத்துவிடக் கூடாது என்கிறோம். துடைத்தால் சாட்சியும் போய்விடும்.

மாற்றுவது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். எந்தத் திருத்தமும் இல்லாத அந்த முதல் மாற்றத்தை இரண்டு தனித்தனி இடங்களில் வையுங்கள். ரீமாஸ்டர் அதன் நகலில் நடக்கட்டும்.

ரீமாஸ்டரில் எங்கள் வேண்டுகோள் ஒன்றே: சத்தத்தை அழுத்தி ஏற்றாதீர்கள். ஸ்ட்ரீமிங் தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதில் விழும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கின்றன. சில தளங்கள் மைனஸ் 16 வரை இறக்குகின்றன. நீங்கள் லிமிட்டரால் நெரித்து மைனஸ் 7-ல் கொடுத்தால், தளம் அதை 7 டெசிபல் கீழே இறக்கிவிடும். சத்தம் கூடுவது இல்லை. ஆனால் ஸ்னேரின் அடி நுனி மட்டும் நிரந்தரமாகப் போயிருக்கும். கேர்ள்ஸ்கூலின் டெனிஸ் டுஃபோர்ட், ரன்அவேஸின் சாண்டி வெஸ்ட் போன்றவர்களின் ட்ரம்ஸைக் கேளுங்கள்: அவர்கள் வேகத்தால் மட்டும் பாட்டை ஓட்டவில்லை, அடியின் கனத்தால் ஓட்டுகிறார்கள். உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையே இருக்கும் அந்த இடைவெளியில்தான் கனம் இருக்கிறது. உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தி, மொத்த அளவை மைனஸ் 12, 13 பக்கம் விட்டுவிட்டால் போதும். 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். குரலின் கூர்மை, டிஸ்டார்ஷன் கிட்டாரின் பல், ஸ்னேரின் வெடிப்பு மூன்றும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. 'தெளிவு' வேண்டும் என்று அங்கே 2 டெசிபல் ஏற்றினால் காது வலிக்கும்; வலிக்கிறதே என்று மொத்தமாக வெட்டினால் பாடுபவர் காணாமல் போவார். ஏற்றாமல் விடுவதே பெரும்பாலும் சரி. மல்ட்டி டிராக்கிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்ய ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அதைப் புதிய மிக்ஸ் என்ற பெயரில் தனியாக வெளியிடுங்கள். பழைய மிக்ஸின் இடத்தில் அதை உட்கார வைக்காதீர்கள். ட்ரம்ஸ் மேல் வேறு சாம்பிள் ஒலியை ஒட்டவே வேண்டாம்.

வினைலைப் பற்றி இரண்டு வார்த்தை. 33⅓ சுற்றில் ஒரு பக்கத்துக்கு 18, 20 நிமிடம் வரை ஹார்ட் ராக் கம்பீரமாக நிற்கும். 22-ஐத் தாண்டினால் சத்தத்தைக் குறைத்தே வெட்ட வேண்டும். வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் நொடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது, உள்ளே லேபிளுக்கு அருகில் 21 செ.மீ.தான். கடைசிப் பாட்டில் 'ஸ' ஒலி சீறுவது அதனால்தான். ஆகவே போனஸ் பாட்டுகளைப் பக்கத்தின் முடிவில் திணித்து நீளத்தைக் கூட்டாதீர்கள். 'டெமாலிஷன்' பத்துப் பாட்டு, பக்கத்துக்கு ஐந்து. அது அப்படியே இருக்கட்டும். ஆல்பத்துக்கு முன்பே சிங்கிளாக வந்த பழைய வடிவம் போன்றவற்றைத் தனித் தட்டிலோ, டிஜிட்டலில் ஆல்பம் முடிந்து கொஞ்சம் இடைவெளி விட்டோ கொடுங்கள். முதன்முதலாகக் கேட்பவருக்கு ஆல்பம் எங்கே முடிகிறது என்பது தெரிய வேண்டும். 180 கிராம் தட்டு என்ற விளம்பரத்துக்கு நாங்கள் மயங்குவதில்லை. எடையால் ஒலி கூடாது; வெட்டுபவரின் கையால்தான் கூடும்.

இனிப் பெயர்கள். ரன்அவேஸின் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பேஸ் கிட்டார் என்று ஜாக்கி ஃபாக்ஸின் பெயர் இருக்கிறது. ஆனால் தயாரிப்பாளர் கிம் ஃபௌலி தன்னை ஸ்டுடியோவில் வாசிக்க விடவில்லை என்றும், வாசித்தது நைஜல் ஹாரிசன் என்றும் ஜாக்கியே சொல்லியிருக்கிறார். ஹாரிசன் பின்னாளில் ப்ளாண்டி குழுவில் பேஸ் வாசித்தவர். இதை மறைப்பதால் குழுவுக்கு மரியாதை கூடுவதில்லை. வாசிக்கத் தெரியாததால் நடந்தது அல்ல, வாசிக்க விடாததால் நடந்தது என்பதை ஆல்பத்தோடு வரும் சிறு புத்தகத்தின் குறிப்பில் வெளிப்படையாக எழுதினால், கேட்பவர் 1977-ல் ஜப்பானில் பதிவான நேரடி ஆல்பத்தைத் தேடிப் போய் ஜாக்கி ஃபாக்ஸின் பேஸைக் கேட்பார். விக்ஸனின் புகழ்பெற்ற முதல் சிங்கிளை எழுதியவர்கள் ரிச்சர்ட் மார்க்ஸும் ஃபீ வேபில்லும். அதையும் அப்படியே போடுங்கள். அதோடு ஜான் கீனமண்டின் கிட்டார் எந்தெந்தப் பாட்டில், ராக்ஸி பெட்ரூச்சியின் ட்ரம்ஸ் எங்கே என்று பாட்டுவாரியாகப் போடுங்கள். "எல்லாம் வேறு யாரோ வாசித்தது" என்ற பழைய வதந்திக்கு ஒரே பதில் பாட்டுவாரியான பட்டியல்தான். ஸ்டுடியோ தாள்களைப் பார்த்து, வாசித்தவர்களிடம் கேட்டு, இரண்டும் ஒத்துப்போனால் அச்சிடுங்கள்.

பெயர் என்பது பணமும்கூட. அமெரிக்காவில் டிஜிட்டல் வானொலிக்கான தொகையை சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு பிரிக்கும்போது 50 சதவீதம் உரிமையாளருக்கும், 45 சதவீதம் முன்னணிக் கலைஞர்களுக்கும், 5 சதவீதம் மற்ற வாசிப்பாளர்களுக்கும் போகிறது. முதல் ஆல்பத்துக்குப் பிறகு ஆள் மாறாத குழு அரிது. முதல் ஆல்பத்தின் பட்டியலில் மூன்றாவது ஆல்பத்தின் ஆட்களைப் பதிந்தால், அந்த 45-ல் ஒரு பங்கு தவறான வாசலுக்குப் போகும்.

டிஜிட்டல் பதிவில் நடக்கும் மூன்று பிழைகளை மட்டும் சொல்கிறோம். முதல் வெளியீட்டுத் தேதி என்ற கட்டத்தில் மறுபதிப்பின் தேதியைப் போட்டுவிடுவது: 1972 ஆல்பம் நேற்று வந்தது போலப் பட்டியலில் நிற்கும், அந்தக் காலத்துப் பாட்டுகளைத் தேடுபவர் கண்ணில் படவே படாது. ஃபேனி மாதிரி பொதுவான பெயர் உள்ள குழுவைத் தனி அடையாள எண் இல்லாமல் ஏற்றுவது: அதே பெயரில் உள்ள வேறு கலைஞரின் பாட்டுகள் அந்தப் பக்கத்தில் வந்து கலந்துவிடும். ரீமாஸ்டருக்கு, ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைப் புதிதாகக் கொடுக்காமல் பழையதையே ஒட்டுவது: எந்தப் பதிப்பு ஒலிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றும் ஒரு பிற்பகலில் திருத்தக்கூடியவை. வகை என்ற கட்டத்தில் ஹார்ட் ராக் என்று போடுங்கள். 'பெண்கள் ராக்' ஒரு இசை வகை அல்ல. கேர்ள்ஸ்கூலை மோட்டர்ஹெட் பக்கத்தில் அடுக்குங்கள். 1981-ல் இரண்டு குழுவும் சேர்ந்தே ஒரு இ.பி. (சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறு வெளியீடு) போட்டு, இங்கிலாந்துப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை கொண்டுபோனார்கள்.

அட்டையை அசல் படச்சுருளிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் நல்ல அட்டை ஒன்றை 600 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்து அச்சுப் புள்ளிகளை நீக்குங்கள். பின்னட்டை எழுத்து சி.டி. அளவுக்குச் சுருங்கியும் படிக்கும்படி இருக்க வேண்டும். விளம்பரத்தில், அந்தக் காலத்து வாசகங்களைத் தூசி தட்டி எடுத்துவராதீர்கள். ஃபேனி என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு வண்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கர் வரை போட்டார்கள். ஜூன், ஜீன் மில்லிங்டன் சகோதரிகளும், நிக்கி பார்க்ளேவும், ஆலிஸ் டி புயரும் எப்படி வாசித்தார்கள் என்று அந்த ஸ்டிக்கரைப் படித்தவர் யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த வேலைக்குக் கெடுவும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ம் ஆண்டு உத்தரவுப்படி, ஒரு பதிவு வெளியாகி 50 ஆண்டு ஆன பிறகு, நிறுவனம் அதைப் போதிய அளவில் விற்பனைக்கு வைக்காமலோ, இணையவழி கிடைக்கச் செய்யாமலோ இருந்தால், வாசித்தவர்கள் அறிவிப்புக் கொடுக்கலாம். ஓராண்டுக்குள் நிறுவனம் இரண்டையும் செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். 1980-ல் வந்த ஆல்பங்களுக்கு அந்த 50 ஆண்டு 2030-ல் நிறைகிறது.

அதைவிட நெருக்கமான கெடு வாசித்தவர்களின் ஆயுள். விக் மெய்ல் 1989-லேயே போய்விட்டார். சாண்டி வெஸ்ட் 2006-ல், கேர்ள்ஸ்கூலின் கிட்டார் கலைஞர் கெல்லி ஜான்சன் 2007-ல், ஜான் கீனமண்ட் 2013-ல். எந்த ஆம்ப், எந்த அறை, எந்த டேக், எந்தப் பாட்டில் கிட்டாரை இறக்கிச் சுருதி சேர்த்தார்கள் என்பதையெல்லாம் இனி அவர்களிடம் கேட்க முடியாது. மற்றவர்களிடம் கேட்க முடியும். டேப்பைத் திறக்கும் முன்பே அவர்களைக் கூப்பிடுங்கள். பெட்டித் தாளின் படத்தை அனுப்பிக் கேளுங்கள். பாட்டுவாரிப் பட்டியலை அவர்கள் பார்த்துத் திருத்தட்டும்.

பின்னட்டையில் நான்கு வரிக்கு இடம் விடுங்கள்: எந்த டேப், என்ன வேகம், யார் மாற்றியது, எந்த ஆண்டு. பிறகு, அச்சுக்குப் போகும் முன் சோதனைக்காக வரும் டெஸ்ட் பிரஸ்ஸிங் தட்டுகளில் ஒவ்வொன்றை வாசித்தவர்களின் வீட்டுக்கு அனுப்பி, கேட்டுப் பார்க்க இரண்டு வாரம் கொடுங்கள். அவர்கள் "கிக் ட்ரம் எங்கே போனது?" என்று கேட்டால், அச்சை நிறுத்திவிட்டு டேப் மெஷினின் ஈக்யூ ஸ்விட்சைப் போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
டேப் மாற்றும் மேசையிலும், தட்டு வெட்டும் மெஷின் முன்னும், பழைய தட்டு அடுக்குகளுக்கு நடுவிலும் இருக்கும் சிலர்